ஆகாய கங்கையின் ஆழம்



கங்கைகொண்ட சோழபுரத்துக்காரர்களாகிய எங்களுக்கு மார்கழி மாதம் ஒரு வேடிக்கை காட்டும். பொழுது புலரும் வேளையில் வயல் வரப்பில் நின்று ஊரை நோக்கினால், ஏறக்குறைய ஐம்பத்தைந்து மீட்டர் உயரமுள்ள கோயில் விமானம் நிற்க வேண்டிய இடத்தில் வெறும் வெண்மையே தெரியும். சற்று நேரம் சென்றபின் அது சாம்பல் நிற நிழலாய்த் தோன்றும். வெயில் ஏறிய பிறகே கல்லின் உண்மை நிறம் கண்ணுக்குப் புலப்படும். அதற்குள் கல்லில் மாற்றம் எதுவும் நேர்ந்துவிடவில்லை. கல்லுக்கும் நம் கண்ணுக்கும் நடுவே நின்ற பனிதான் குறைந்திருக்கிறது.

பனி விலகும் வரையில் காத்திருக்க நமக்கு முடிகிறது. விலகாத பனி ஒன்று இருந்தால் என் செய்வது? நடுவில் எத்தனை பனி நிற்கிறது என்று எப்படியாவது அளந்து, அது விழுங்கிய வெளிச்சத்தைக் கணக்கில் திருப்பிச் சேர்த்தாக வேண்டும். வேறு வழியில்லை. வானத்தை ஆராய்வோர் அனைவரும் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய பனி, ஆகாய கங்கை என்று நம் முன்னோர் பெயரிட்ட பால்வீதி மண்டலம் முழுவதும் பரவிக் கிடக்கும் ஹைட்ரஜன் வாயுவும் அதனோடு கலந்த பிற பொருள்களுமாகும். அந்த வாயுவை அளந்து, வானத்தின் எந்தத் திசையில் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டவுடன் சொல்லும் கணிப்பான் ஒன்று இணையத்தில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

அந்தக் கணிப்பானை எனக்கு அறிமுகம் செய்து வைத்தவள் என் பழைய மாணவி ஒருத்தி. பங்குனி மாதத்து மாலை ஒன்றில், மடிக்கணினியும் கையுமாக வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தாள். பௌதிகத்தில் முதுகலைப் படிப்பு. இறுதிப் பருவத்தின் ஆய்வேடு முடியவில்லை. குசலம் விசாரித்து முடிவதற்குள் அவள் கேட்டாள்:

"ஐயா, உங்களுக்கு நினைவிருக்கிறதா? ஒன்பதாம் வகுப்பில், நட்சத்திரங்களுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றும் இல்லை, உட்கார் என்றீர்கள்."

எனக்கு நினைவில்லை. ஆனால் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்பதில் ஐயமும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல், பாடக் குறிப்பேட்டில் எழுதி வைத்ததை மாற்றாமல் அதையே சொல்லி வந்தவன் நான். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குப் புகட்டிய முதல் விதி. எனக்குத் தெரியாத இடம் வந்ததும் நான் மாணவியை உட்கார வைத்துவிட்டேன்.

"இப்போது அந்த ஒன்றுமில்லாததுதான் ஐயா என் ஆய்வேட்டைக் கெடுக்கிறது" என்று சொல்லி அவள் சிரித்தாள்.

அவளுடைய சிக்கலைச் சொல்வதற்கு முன், அந்த "ஒன்றுமில்லாதது" என்ன என்று பார்ப்போம். நட்சத்திரங்களுக்கு இடைப்பட்ட வெளியில், சராசரியாக ஒரு கன சென்டிமீட்டருக்கு ஓர் அணு என்ற அளவில் வாயு இருக்கிறது. அதில் பெரும்பகுதி ஹைட்ரஜன். நாம் சுவாசிக்கும் காற்றில் அதே ஒரு கன சென்டிமீட்டரில் 25 என்று எழுதி அதன்பின் பதினெட்டுப் பூஜ்யங்கள் இட்டால் எவ்வளவோ அவ்வளவு மூலக்கூறுகள் உண்டு. இந்த இரண்டையும் ஒப்பிட்டால், நான் வகுப்பில் சொன்னது பெரும்பிழை அன்று என்று கூட வாதாடலாம். ஆனால் வாதாடுகிறவர் தூரத்தை மறந்துவிடுகிறார். ஓர் ஒளியாண்டு என்பது ஏறக்குறைய 9,46,000 கோடி கிலோமீட்டர். அத்தகைய ஒளியாண்டுகள் நூறு, ஆயிரம் என்று நீளும் பாதையில், சென்டிமீட்டருக்கு ஓர் அணுவாக எண்ணிக்கொண்டே போனால் தொகை என்னாகும்?

இங்கே எங்கள் ஊர் எனக்குக் கைகொடுக்கிறது. இராசேந்திர சோழன் கங்கை நீரைக் கொணர்ந்து தன் தலைநகரில் பெரிய ஏரியில் சேர்த்து, அதற்குச் சோழகங்கம் என்று பெயரிட்டான் அல்லவா? அந்த ஏரியை நீரால் ஆன வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் வருணிக்கின்றன. கல்லால் தூண் நாட்டுவது உலக வழக்கம். நீரால் தூண் நாட்டியதாகப் பாடியது அந்தப் புலவரின் கற்பனை. அந்தக் கற்பனையை அப்படியே மேலே உயர்த்திக் கொள்ளுங்கள். உங்கள் கண்ணிலிருந்து ஒரு திசையை நோக்கி, ஒரு சதுர சென்டிமீட்டர் அகலமுள்ள தூண் ஒன்று புறப்படுகிறது. பால்வீதி மண்டலத்தின் எல்லை வரையில் நீண்டு செல்கிறது. அதற்குள் அகப்படும் ஹைட்ரஜன் அணுக்கள் எத்தனை? அந்த எண்ணிக்கைக்குத்தான் தூண் அடர்த்தி என்று பெயர். ஹைட்ரஜன் என்ற சொல்லுக்கே நீரை உண்டாக்குவது என்பது பொருள். ஆகவே இதையும் ஒரு வகை நீர்த்தூண் என்றால் தமிழாசிரியர்கள் என்னைக் கோபித்துக் கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இனி ஓர் உதாரணம். என் மாணவி எடுத்துக்கொண்ட பொருளின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அது அவள் சொல்ல வேண்டியது. அதற்குப் பதிலாக, கன்னி ராசியில் உள்ள 3சி 273 என்ற குவாசரை எடுத்துக்கொள்வோம். கேம்பிரிட்ஜ் வானியலார் தயாரித்த மூன்றாம் பட்டியலில் 273ஆவது பொருள் என்பதே அந்தப் பெயரின் பொருள். ஏறக்குறைய 240 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அந்தத் திசையைக் கணிப்பானில் இட்டால், 18 என்று எழுதி அதன்பின் பத்தொன்பது பூஜ்யங்கள் இட்டால் வரும் தொகையை ஒட்டிய எண் கிடைக்கும். பயந்துவிட வேண்டாம். எண்ணிக்கையில் இது எவ்வளவு காற்றுக்குச் சமம் என்று வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர், அதாவது நான்கு விரற்கடை காற்று! பால்வீதியின் எல்லை வரையில் நீண்ட தூணில் அடங்கியது நம் மூக்குக்கும் கையிலுள்ள புத்தகத்துக்கும் இடையே நிற்கும் காற்றினும் குறைவு.

இந்த நான்கு விரற்கடைக்காகவா இத்தனை ஆரவாரம் என்று கேட்பீர்கள். எக்ஸ்-கதிர்களைக் கேட்டால் தெரியும். அவற்றுள் ஆற்றல் மிகுந்தவை வன்கதிர்கள், ஆற்றல் குறைந்தவை மென்கதிர்கள். 3சி 273இலிருந்து 0.3 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு புறப்பட்டு வரும் மென்கதிர்கள் நூறில் நாற்பதுக்கும் மேல் இந்த மெல்லிய வாயுவிலேயே மடிந்து போகின்றன. ஒரு கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்றால் நூறில் நான்கு. இரண்டு என்றால் ஒன்றுகூட இல்லை. ஆகவே இந்தப் பனி எல்லா வெளிச்சத்தையும் ஒரே சீராக மங்கச் செய்வதில்லை. ஒரு பக்கத்தை மட்டும் கடித்துத் தின்றுவிடுகிறது. பொருளின் உருவத்தையே மாற்றிக் காட்டிவிடுகிறது.

என் மாணவிக்கு நேர்ந்தது இதுவே. நம் நாட்டின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அதில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் அமைத்த மென் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி ஒன்று உண்டு. அதன் பதிவுகள் 2018 முதல் யாவருக்கும் திறந்து விடப்பட்டிருக்கின்றன. அரியலூரிலும் பெரம்பலூரிலும் படிக்கும் பிள்ளைகள் இணையத்தில் பதிந்து கொண்டு அவற்றை எடுத்து ஆராயலாம் என்பது எங்கள் காலத்தில் கனவிலும் வராத பேறு. அப்படி எடுத்த பதிவில், அவளுடைய பொருளின் கதிர்கள் மென்மையான பக்கத்தில் திடீரென்று சரிந்து விழுந்தன. பொருளே அப்படிப்பட்டது போலும் என்று அவள் முதலில் எழுதிவிட்டாள். வழிகாட்டியானவர் பார்த்துவிட்டு, ஹைட்ரஜன் எண்ணைப் போடவில்லையே, போடு என்றாராம். ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து எண்ணை எடுத்துப் போட்டாள். சரிந்த கோடு நிமிர்ந்தது. நிமிர்ந்ததோடு நில்லாமல், மென்மையான பக்கத்தில் எதிர்பார்த்ததைவிடச் சற்று மேலாகவே எழுந்தது. மென்கதிர் மிகுதி என்று இதைச் சொல்வார்கள். சில குவாசர்களில் மெய்யாகவே உண்டு. 3சி 273இல் அது 1980களிலேயே கண்டறியப்பட்டது. கண்டுபிடித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் அவளுக்கு இரண்டு நாள் உறக்கமில்லை.

மூன்றாம் நாள், எதற்கும் சரிபார்ப்போம் என்று கணிப்பானை நாடினாள். வேறோர் எண் வந்தது. அதைப் போட்டால் மிகுதி பாதியாகக் குறைந்தது. எந்த எண் மெய்? உடன் படிப்போரைக் கேட்டால், பழைய எண்ணையே வைத்துக்கொள், மிகுதி நன்றாகத் தெரிகிறது என்றார்களாம். ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று வாரமே இருந்தது.

"இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை ஐயா. போடு என்கிறார்கள், போடுகிறோம்" என்றாள்.

நான் பதில் சொல்லும் நிலையில் இல்லை. ஆனால் தேடிப் படிக்க எனக்கு நேரம் இருந்தது. ஓய்வு பெற்றவனுக்கு உள்ள ஒரே செல்வம் அதுதானே. ஒரு வாரத்தில் நான் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஹைட்ரஜன் அணுவில் ஒரு புரோட்டானும் ஒரு எலெக்ட்ரானும் உண்டு. இரண்டும் பம்பரங்களைப் போன்றவை. இரண்டும் ஒரே பக்கமாகச் சுழலும் நிலை ஒன்று. எதிர் எதிராகச் சுழலும் நிலை மற்றொன்று. முதல் நிலையில் உள்ள அணு எப்போதாவது இரண்டாவது நிலைக்குப் புரண்டு விழும். அப்போது 21 சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலை ஒன்றை வெளியிடும். எப்போதாவது என்றேனே, ஓர் அணு தானாகப் புரள்வதற்குச் சராசரியாக ஒரு கோடியே பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும்! அவ்வளவு சோம்பேறியான அணுவின் குரலை யார் கேட்பது என்று தோன்றலாம். 3சி 273இன் திசையில் நிற்கும் தூணுக்கு நான் பென்சிலால் கணக்கிட்டுப் பார்த்தேன்: அந்த ஒரு சதுர சென்டிமீட்டர் தூணில் மட்டும் நொடிக்கு நான்கு லட்சம் அணுக்கள் புரண்டுகொண்டே இருக்கின்றன. கூட்டம் பெரிதானால் சோம்பேறிகளின் முணுமுணுப்பும் இடைவிடாத ஓசையாகிவிடும். வகுப்பறை நடத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்படி ஓர் அலை வரக்கூடும் என்று 1944ஆம் ஆண்டில் முதலில் கணித்தவர் வான் டி ஹல்ஸ்ட் என்ற இருபத்தைந்து வயது இளைஞர். நெதர்லாந்து ஜெர்மானியரின் பிடியில் இருந்த காலம் அது. லைடன் நகரில் கூடிய சிறியதோர் அறிஞர் கூட்டத்தில் அவர் அதைச் சொன்னார். லைடன் என்றதும் என் செவி சற்று நிமிர்ந்தது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராச சோழன் அளித்ததையும், இராசேந்திரன் காலத்தில் அது செப்பேட்டில் பொறிக்கப்பட்டதையும் நீங்கள் வரலாற்றில் படித்திருப்பீர்கள். அந்தச் செப்பேடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தமையால் லைடன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. எங்கள் ஊரை ஆண்டவனின் சாசனம் இருந்த நகரத்திலேயே ஆகாய கங்கையின் சாசனத்தைப் படிக்கும் வழியும் பிறந்தது. இதற்கு மேல் இந்த ஒற்றுமையில் பொருள் ஒன்றும் இல்லை, ஊர்ப்பற்றினால் சொல்லிவிட்டேன்.

1951ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25ஆம் நாள் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எவன், பர்செல் என்ற இருவரும் அந்த அலையை முதன்முதலில் பிடித்தார்கள். அவர்கள் பயன்படுத்திய கருவி ஆய்வுக்கூடச் சன்னலுக்கு வெளியே நீட்டிய மரத்தாலான பெரிய புனல். மழைக் காலத்தில் அதன் வழியே தண்ணீர் உள்ளே புகுந்ததும், போகிற வருகிற மாணவர்கள் அதற்குள் பனிக்கட்டி உருண்டைகளை எறிந்து விளையாடியதும் உண்டு. சில வாரங்களுக்குள் நெதர்லாந்தில் முல்லரும் ஊர்ட்டும், பிறகு ஆஸ்திரேலியாவில் கிறிஸ்டியான்சனும் ஹிண்ட்மனும் அதை உறுதி செய்தார்கள். இந்தக் கிறிஸ்டியான்சனிடம் 1953ஆம் ஆண்டில் பயிற்சி பெறச் சென்ற இந்தியர் இருவர். ஒருவர் கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பார்த்தசாரதி. மற்றவர் கோவிந்த் ஸ்வரூப். பின்னாளில் உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில் மாபெரும் ரேடியோ தொலைநோக்கியைக் கட்டியவர். சந்திரன் 3சி 273ஐ மறைத்த கணத்தை 1962ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியால் அளந்து, அதன் இடத்தை ஹசார்டு என்பவர் துல்லியமாகக் குறித்தார்; அந்தக் கட்டுரையைப் படித்ததிலிருந்துதான் ஸ்வரூப்புக்கு உதகைத் தொலைநோக்கியின் எண்ணம் உதித்தது.

உதகைத் தொலைநோக்கியை நீங்கள் ஒரு முறையேனும் பார்க்க வேண்டும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த இடத்தின் அட்சரேகை ஏறக்குறைய 11 பாகை. அதே 11 பாகைச் சரிவுள்ள மலைப்பக்கத்தைத் தேடிப் பிடித்து, தெற்கு வடக்காக அதை நீட்டிவிட்டார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகி, ஒரே சுழற்சியால் விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது. கங்கைகொண்ட சோழபுரமும் ஏறக்குறைய அதே அட்சரேகைதான். ஆனால் எங்களிடம் மலைச்சரிவு இல்லை. 1970இல் முடிந்த அந்தக் கருவி 326.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கேட்பது. நம் ஆகாய கங்கையின் ஹைட்ரஜன் 1420 மெகாஹெர்ட்ஸில் பாடுகிறது; ஆகவே அந்தப் பாட்டு உதகையின் செவியில் விழாது. புணேக்கு அருகே பின்னாளில் ஸ்வரூப் தலைமையில் எழுந்த முப்பது பெருந்தட்டுகளின் செவியில் விழும்.

கணிப்பானுக்கு வருவோம். அமெரிக்க நாசா நிறுவனத்தின் கொடார்டு மையத்தில் உள்ள எக்ஸ்-கதிர் வானியல் ஆவணக் காப்பகத்தார் அதை நடத்துகிறார்கள். பொருளின் பெயரையோ, வானத்தில் அதன் இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்களையோ தட்டினால் போதும். ஹைட்ரஜன் எண் வந்துவிடும். எளிதாக வந்துவிடுவதால், அது அங்கேயே கணக்கிட்டு உண்டாக்கப்படுகிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அது அன்று. கேட்ட இடத்தில் யாரோ அளந்து வைத்ததைக் கணிப்பான் எடுத்துப் படிக்கிறது. அருகிலுள்ள சில அளவுகளைச் சேர்த்துச் சராசரி தருகிறது. அளந்தவர்கள் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1990இல் டிக்கி, லாக்மன் என்ற இருவர் அதுவரையிலான அளவுகளைத் தொகுத்தார்கள். 2005இல் லைடன், அர்ஜென்டினா, பான் ஆகிய மூன்று இடத்தாரும் கூடி முழு வானத்தையும் அளந்த தொகுப்பு வந்தது. 2016இல் ஜெர்மனியின் எஃபெல்ஸ்பர்க் நூறு மீட்டர் தட்டும் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் அறுபத்து நான்கு மீட்டர் தட்டும் வடவானையும் தென்வானையும் பங்கிட்டு அளந்த புதிய படம் வெளியாயிற்று. என் மாணவியின் கட்டுரை எண் முதல் தொகுப்பிலிருந்து வந்தது; கணிப்பான் தந்தது கடைசிப் படத்திலிருந்து. ஏன் வேறுபட்டன என்பது ஓரளவு விளங்கிற்று.

ஓரளவு என்றேன். மீதிக்குக் காரணம் வேறொன்று. அதை அவளே கண்டுபிடித்துச் சிவந்துபோனாள். அவள் தட்டிய இட எண்கள் பழைய பட்டியல் ஒன்றிலிருந்து எடுத்தவை; 1950ஆம் ஆண்டின் வானத்துக்கு உரியவை. கணிப்பானோ 2000ஆம் ஆண்டுக் கணக்கென்று எடுத்துக்கொண்டது. அது கேட்கத்தான் செய்கிறது; அந்தச் சிறிய கட்டத்தை இவள் கவனிக்கவில்லை. பஞ்சாங்கம் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அயன சலனம் புதிதன்று. பூமியின் அச்சு மெல்லத் தலையாட்டுவதால் வானத்தின் அளவுகோலே ஆண்டுக்கு ஐம்பது விகலை நகர்கிறது. ஐம்பது ஆண்டில் அது நாற்பத்திரண்டு கலை. முழுநிலவின் அகலத்தைவிட அதிகம். புதிய படத்தின் நுட்பம் 16 கலை. ஆகவே அவள் கேட்டது வேறு தூணை. கணிப்பான் பிழையின்றி அந்த வேறு தூணின் விடையைத் தந்தது. திருத்திப் போட்டதும் இரண்டு எண்களும் நெருங்கி வந்தன. ஆயினும் பத்தில் ஒரு பங்கு வேறுபாடு எஞ்சியே நின்றது.

இதற்கு மேல் கணிப்பானைக் குறை சொல்வதில் பயனில்லை. அளக்கப்பட்டது எது என்று மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அது பால்வீதியின் எல்லை வரையில் உள்ள முழுத் தூண். குவாசருக்குச் சரி. சிரியஸ் நட்சத்திரம் 8.6 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது; அதுவரையில் தாராளமாகக் கன சென்டிமீட்டருக்கு ஓர் அணு வைத்தாலும், 8 என்று எழுதிப் பதினெட்டுப் பூஜ்யம் இட்டால் அடங்கிவிடும். கணிப்பான் அதைப்போல் நூறு மடங்குக்கும் மேலான எண்ணைத் தரும்; ஏனெனில் சிரியஸுக்குப் பின்னால் உள்ள வாயுவையும் சேர்த்தே அது எண்ணுகிறது. மூடுபனிக்கு முன்னால் நிற்கும் மாட்டுக்கு மூடுபனிக் கணக்குப் பார்ப்பது போலாகும். இன்னும் ஒன்று. ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாய்ச் சேர்ந்து மூலக்கூறாகிவிட்டால் 21 சென்டிமீட்டர் அலை எழாது. கருமேகங்களில் அது பெருந்தொகை. அங்கே அலையே அலையை விழுங்குவதும் உண்டு. அத்தகைய திசைகளில் கணிப்பான் குறைத்தே சொல்லும். எக்ஸ்-கதிரைப் பெரும்பாலும் விழுங்குவது ஹைட்ரஜன்கூட இல்லை! அதனோடு கலந்துள்ள ஹீலியமும் கார்பனும் ஆக்சிஜனும் இரும்புமே பெருந்தீனிக்காரர்கள். ஹைட்ரஜன் இவ்வளவு என்றால் மற்றவை இவ்வளவு இருக்கும் என்ற விகிதத்தை நம்பியே எல்லாக் கணக்கும் நடக்கிறது. ஊர்வலத்தில் கொடி பிடித்தவர்களை எண்ணிவிட்டு, பின்னால் வருகிற கூட்டத்தை மதிப்பிடுவது போல.

எந்தத் திசையிலாவது பனி இல்லாத சன்னல் உண்டா என்று என் மாணவி கேட்டாள். முற்றிலும் இல்லாத இடம் எங்கும் இல்லை. சப்தரிஷி மண்டலத்தில், லாக்மன் துளை என்று பெயர் பெற்ற ஒரு திசை உண்டு. அங்கே 45 என்று எழுதிப் பதினெட்டுப் பூஜ்யங்கள் இட்ட அளவே. வானத்திலேயே மிகவும் தெளிவான அந்த இடத்தை எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிகள் திரும்பத் திரும்ப நாடிச் சென்று, தொலைதூரப் பொருள்களைத் தேடியிருக்கின்றன. நம் ஊரிலிருந்து சித்திரை மாதத்து முன்னிரவில் வடக்கே நோக்கினால் சப்தரிஷிகள் தெரிவார்கள். கண்ணுக்கு அந்த இடம் மற்ற இடங்களைப் போலவே இருக்கும்.

எஞ்சிய பத்தில் ஒரு பங்கை என்ன செய்வது என்பதே கடைசிக் கேள்வியாக நின்றது. கணக்கில் பனியை அதிகமாக வைத்தால், பொருளுக்கு இல்லாத மென்கதிரை நாமே உண்டாக்கிக் கொடுத்தவர்களாவோம். குறைவாக வைத்தால், உள்ளதை மறைத்தவர்களாவோம். அவள் இரண்டு எண்களையும் இட்டுப் பார்த்தாள். முதல் எண்ணுக்குப் பெரிய மிகுதி. இரண்டாவதற்குச் சிறிய மிகுதி. எதை எழுதட்டும் என்று என்னிடம் கேட்டாள். நான் இந்த முறை அவளை உட்கார வைக்கவில்லை. இரண்டையும் எழுது, எந்த எண் எந்தத் தட்டிலிருந்து வந்தது என்பதையும் எழுது, மதிப்பெண் குறைந்தால் குறையட்டும் என்றேன். மதிப்பெண்ணைப் பற்றி அவ்வளவு துணிவாகப் பேசுவது ஓய்வு பெற்றவனுக்கு எளிது என்பதை அவள் முகம் எனக்குச் சொல்லிற்று. ஒன்றும் சொல்லாமல் போனாள். அடுத்த வாரம் வந்தபோது ஆய்வேட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டினாள். இரண்டு வரிசையில் இரண்டு எண்கள். கீழே, மிகுதி உண்டு, ஆனால் அதன் அளவு நடுவில் உள்ள வாயுவை எவ்வளவாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது என்ற ஒரு வாக்கியம். நேர்முகத் தேர்வில் அந்த வாக்கியத்தைப் பற்றியே அரை மணி நேரம் கேட்டார்களாம்.

அன்றிரவு என் பழைய பாடக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். கரையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. "நட்சத்திரங்களுக்கு இடையே ஒன்றும் இல்லை" என்ற வரி அப்படியே இருந்தது. அதை அடித்துவிட்டு, பக்கத்தில் 3சி 273இன் திசைக்குரிய எண்ணைப் பூஜ்யங்களோடு எழுதினேன். எந்தப் படத்திலிருந்து எடுத்தது, எந்த ஆண்டுக் கணக்கு என்பதையும் எழுதி, தேதியிட்டு வைத்தேன்.